எலிக்காய்ச்சல்: வயல் தண்ணியில் இருந்து சிறுநீரகம் வரைக்கும்

காலபோக மழை இறங்கி, குளங்கள் வான் பாயத் தொடங்கினால் வன்னியில் ஊருக்கு நாலு பேராவது காய்ச்சலோடு படுத்திருப்பார்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் டெங்கும் கூடும், எலிக்காய்ச்சலும் கூடும். முதல் இரண்டு நாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "மழையில நனைஞ்ச காய்ச்சல், ரெண்டு பனடோல் போட்டால் சரி" என்று சொல்லிவிட்டு ஆட்கள் திரும்பவும் வயலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாத அந்த நாட்களில், உள்ளே கிருமி தன் வேலையில் பெரும்பங்கைச் செய்து முடித்துவிடும். மருந்து நன்றாகக் கேட்பதும் அதே நாட்களில்தான்.

இது எங்கோ எப்போதாவது வரும் வருத்தம் அல்ல. 2008 இல் இலங்கை முழுவதும் 7000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் பதிவானது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 மார்கழியில், வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் "மர்மக் காய்ச்சல்" என்று பேசப்பட்டுப் பல உயிர்களைக் கொண்டுபோனதும் இதுவேதான். பரிசோதனை முடிவு வந்த பிறகு அதில் மர்மம் ஏதும் இருக்கவில்லை.

கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. சுருள் வடிவப் பற்றீரியா. நீளம் 6 முதல் 20 மைக்றோமீற்றர், தடிப்பு 0.1 மைக்றோமீற்றர் அளவு. ஒரு தலைமயிரின் குறுக்கே அறுநூறு எழுநூறைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம். இவ்வளவு மெல்லிசாக இருப்பதால் சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது. பின்னணியை இருட்டாக்கிப் பார்க்கும் கருவி வேண்டும். அதில் பார்த்தால் ஒரு நுனியோ இரண்டு நுனியோ கொக்கி போல வளைந்திருக்க, தன் அச்சில் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் ஓடுவது தெரியும். ஓட்டத்துக்கான இழைகள் மற்றப் பற்றீரியாக்களைப் போல வெளியில் தொங்குவதில்லை. வெளித்தோலுக்குக் கீழே, உடம்போடு ஒட்டி உள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் சளி போன்ற கெட்டியான பொருளுக்குள்ளும் இது நிற்காமல் துளைத்துப் போகிறது.

இதன் நிரந்தர வீடு எலியின் சிறுநீரகம். அங்கே நுண்குழாய்களின் உட்சுவரில் படையாக ஒட்டி வாழும். எலிக்கு வருத்தம் ஒன்றும் வராது. தன் ஆயுள் முழுக்கச் சலத்தோடு (சிறுநீரோடு) கிருமியைக் கழித்துக்கொண்டே திரியும். எலிக்காய்ச்சல் என்ற பெயரை வைத்து மாட்டை மறந்துவிடக் கூடாது. மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாமே இதைச் சுமக்கும். மாட்டுப்பட்டியைக் கழுவிய தண்ணி வாய்க்காலில் இறங்குகிற இடங்களும், நாய்கள் திரியும் வெள்ளக் குட்டைகளும் இதே கணக்கில்தான் சேரும்.

சலத்தோடு வெளியே வந்த கிருமி ஈரமான மண்ணிலும் நன்னீரிலும் கிழமைக் கணக்கில், வசதியான இடத்தில் மாதக் கணக்கிலும் உயிரோடு இருக்கும். அதற்குப் பிடிக்காதவை உலர்ந்த மண், வெயில், உப்பு, குளோரின், புளிப்புத் தன்மை. நன்றாகக் காய்ந்த தறையில் செத்துப்போகும். நிழலான வாய்க்கால் கரையும், பயிர் மூடி நிற்கும் சேறும், புல் மண்டிய வரம்படியும் அதற்கு நல்ல இடங்கள். பயிர் கொஞ்சம் உயர்ந்து தண்ணிக்கு நிழல் விழுந்த பிறகு, களை பிடுங்கக் குனிந்து நிற்கிற நாட்களில் ஆபத்துக் கூடுவதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம் நேரம். உழவு மிசினில் போகிறவரின் கால் சேற்றில் நிற்கும் நேரத்தை விட, களை எடுப்பவரின் காலும் கையும் பல மடங்கு நேரம் ஊறுகின்றன.

நல்ல, காய்ந்த, வெடிப்பில்லாத தோலை இந்தக் கிருமியால் இலேசில் தாண்ட முடியாது. ஆனால் நாலு மணித்தியாலம் சேற்றில் நின்ற ஒருவரின் காலை எடுத்துப் பாருங்கள். அடிப்பாதம் வெளிறிச் சுருங்கியிருக்கும். விரலிடுக்குத் தோல் வெள்ளையாக ஊறி, விரலால் உரசினாலே கழரும். அங்கே சேற்றுப்புண் ஏற்கெனவே இருக்கும். குதிக்காலில் பித்தவெடிப்பு. கணுக்காலுக்கு மேலே கோரையும் நெல்லுத் தாளும் கீறிய மெல்லிய கோடுகள், இரத்தம் கூட வராதவை. கிருமிக்கு இதெல்லாம் திறந்த கதவு. ஒரு பெரிய வெட்டுக்காயத்தை ஆட்கள் கட்டிக்கொண்டு போவார்கள், இந்தக் கீறல்களை ஒருவரும் எண்ணுவதில்லை. மற்றப் பாதைகள் கண், மூக்கு, வாய். சேறு தெறித்த கண்ணைப் புறங்கையால் துடைப்பது, வாய்க்கால் தண்ணியில் முகம் கழுவி வாய் கொப்பளிப்பது, பிள்ளைகள் வாய்க்காலில் மூழ்கிக் குளிப்பது. பச்சைத் தண்ணியை அள்ளிக் குடிப்பதும் இதில் அடங்கும்.

உள்ளே புகுந்த இடத்தில் சீழ் இல்லை, வீக்கம் இல்லை, அரிப்பு இல்லை. மற்றக் கிருமிகள் காயத்தில் புண்ணை உண்டாக்கி, வெண்குழியங்களை அங்கே கூட்டி, ஒரு சண்டையைத் தொடங்கும். எலிக்காய்ச்சல் கிருமி அந்த இடத்தில் தங்குவதே இல்லை. மிருகங்களில் செய்த ஆய்வுகளில், ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே அது குருதியில் காணப்பட்டிருக்கிறது.

குருதிக்குள் நுழைந்த பற்றீரியாவை உடம்பு சும்மா விடுவதில்லை. குருதியில் மிதக்கும் நிரப்புப் புரதங்கள் அதன் தோலில் ஓட்டை போட்டுக் கொல்லும். தண்ணியில் சும்மா வாழும், நோய் தராத லெப்டோஸ்பைராக்களை மனிதக் குருதியில் விட்டால் இப்படித்தான் சாகின்றன. நோய் தரும் இனமோ நம்முடைய குருதியிலேயே இருக்கும் ஒரு கட்டுப்படுத்தும் புரதத்தைப் பிடித்துத் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. நம் சொந்தக் கலங்களை அந்தத் தாக்குதலில் இருந்து காப்பாற்றுகிற புரதம் அது. அதைப் பூசிக்கொண்ட கிருமியை உடம்பு தன்னுடையது என்று விட்டுவிடுகிறது. இதோடு கிருமி இன்னொரு வழியிலும் தப்பிக்கொள்கிறது. இத்தகைய பற்றீரியாக்களின் வெளித்தோலை அடையாளம் காண நமது கலங்களில் ஓர் உணரி இருக்கிறது. லெப்டோஸ்பைராவின் தோலில் உள்ள கொழுப்பின் அமைப்பு சற்று வித்தியாசமானது, அதனால் மனித உணரி அதைக் கண்டுகொள்வதில்லை. சுண்டெலியின் உணரி கண்டுகொள்கிறது. சுண்டெலி நோயில் விழாமல் கிருமியோடு வாழ, மனிதர் விழுந்துபோவதற்கு ஒரு காரணம் இந்த வேறுபாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இப்படி எதிர்ப்பில்லாமல் பெருகும் காலம்தான் நோயரும்பு காலம். 2 நாளில் இருந்து 30 நாள் வரை போகலாம், பெரும்பாலும் 5 தொடக்கம் 14 நாள். ஆகவே இன்றைக்குக் காய்ச்சல் என்றால் நேற்றைக்கு எங்கே போனீர்கள் என்று யோசித்துப் பயனில்லை. போன கிழமையும் அதற்கு முந்தின கிழமையும் எந்தத் தண்ணியில் நின்றீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு மில்லிலீற்றர் குருதியில் கிருமியின் தொகை 10,000 ஐத் தாண்டியவர்களில்தான் கடும் நோயும் இறப்பும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. முதல் நாட்களில் மருந்து எடுப்பதன் முழு அர்த்தமும் இந்தத் தொகையை ஏறவிடாமல் வைப்பதுதான்.

அடுத்து அது குருதிக்குழாய்களின் சுவரைப் பிடிக்கிறது. நமது நுண்ணிய குழாய்களின் உட்பக்கத்தில் கலங்கள் ஒன்றோடொன்று புரதங்களால் இறுக்கமாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. கிருமி அந்தக் கோர்வையைத் தளர்த்தி, இடைவெளியால் நுழைந்து இழையங்களுக்குள் போகிறது. நமது குருதியில் உள்ள ஒரு நொதியத்தையே பிடித்து, வழியில் நிற்கும் புரத வலையைக் கரைக்கவும் பயன்படுத்துகிறது. வரம்பில் நண்டு வளை போட்டால் வரம்பு நிமிர்ந்துதான் நிற்கும், தண்ணி மட்டும் அடியால் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். குழாய்களிலும் அதுதான் நடக்கிறது. குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிய, குழாய்க்குள் அளவு குறைந்து அமுக்கம் இறங்குகிறது. இரத்தத்தை உறையவைக்கும் குருதித் தட்டுக்களும் குறைந்துவிட்டால் இரத்தமே கசியத் தொடங்குகிறது.

சதையில் இது கெண்டைக்கால் நோவாகத் தெரியும். நடக்கும்போது வரும் சாதாரண உளைவு இல்லை, கெண்டைச் சதையை மெதுவாக அமத்தினாலே ஆள் காலை இழுத்துக்கொள்வார். நாரியும் தொடையும் சேர்ந்து நோகும். கண்ணில் வெண்விழி சிவக்கும், ஆனால் பீளை இருக்காது, உறுத்தலும் அவ்வளவாக இராது. கண்வருத்தத்தில் இமை ஒட்டும், பீளை வடியும். இங்கே கண் சிவந்து காய்ந்தபடி இருக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, பீளையில்லாத சிவந்த கண் மூன்றும் ஒரு கமக்காரரில் சேர்ந்து நின்றால் நான் வேறு எதையும் யோசிக்க முன்னர் எலிக்காய்ச்சலைத்தான் யோசிப்பேன். மூன்றும் எல்லாருக்கும் வருவதில்லை. இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லவும் முடியாது.

ஈரலில் நடப்பது கொஞ்சம் வித்தியாசமானது. வைரஸ் செங்கண்மாரியில் ஈரல் கலங்கள் கூட்டமாகச் சாகும், அதனால் குருதியில் ஈரல் நொதியங்கள் ஆயிரக்கணக்கில் ஏறும். எலிக்காய்ச்சலில் கலங்களுக்கு இடையிலான இணைப்புத்தான் கழலுகிறது. பித்தம் தன் குழாயால் போகாமல் குருதிக்குள் கசிகிறது. அதனால் கண்ணும் தோலும் செம்மஞ்சளாக மாறும் அளவுக்குப் பித்தத்தின் மஞ்சள் நிறப்பொருளான பிலிறூபின் ஏறியிருக்க, ஈரல் நொதியங்கள் பெரும்பாலும் சில நூறுக்குள்ளேயே நிற்கும். இந்த மஞ்சளைக் கண்டதும் பத்தியம் காத்து, கீழ்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. காய்ச்சலோடு சேர்ந்து வரும் மஞ்சளுக்கு அந்தப் பழக்கம் சரிவராது. எலிக்காய்ச்சலில் மஞ்சள் தெரியும் நேரம் பெரும்பாலும் சிறுநீரகமும் அடிபட்டிருக்கும் நேரம். அந்த நாளில் ஆள் ஆஸ்பத்திரி வாட்டில் இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் உள்ளவர்கள் ஏமாறுவது இங்கேதான். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. வடித்ததில் மூன்றில் இரண்டு பங்கை முதல் நுண்குழாய்ப் பகுதியே உப்போடு சேர்த்துத் திரும்ப எடுத்துவிடும். கிருமி எலியில் போலவே மனிதரிலும் அந்த இடத்தைத்தான் தேடிப் போகிறது. அங்கே உப்பைத் திரும்ப இழுக்கும் புரதங்கள் வேலை செய்வதை நிறுத்துகின்றன. எடுக்கப்படாத உப்பும் நீரும் கீழே ஓட, அவற்றோடு பொற்றாசியமும் வெளியே போய்விடுகிறது. இதன் விளைவு, சலம் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கையிலேயே, சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவுப் பொருளான கிறியற்றினின் குருதியில் ஏறுகிறது. மற்றைய சிறுநீரக வருத்தங்கள் பலவற்றில் பொற்றாசியம் கூடும், எலிக்காய்ச்சலின் தொடக்கத்தில் அது குறைந்திருப்பதும் சாதாரணம். "சலம் நல்லாப் போகுது, கிட்னிக்கு ஒண்டுமில்லை" என்ற நம்பிக்கை இந்த நோயில் பிழை. பிறகு, குழாய்க் கசிவாலும் சத்தியாலும் வயிற்றோட்டத்தாலும் உடம்பில் நீர் குறைந்தவுடன், சலம் சடாரென்று வற்றும். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 400 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் அது ஆபத்து. இதைக் கண்மட்டத்தில் சொல்ல முடியாது. அளவுகோடு உள்ள வெறும் போத்தல் ஒன்றை வைத்து, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்கு அந்தத் துண்டுத் தாள் பெரிய உதவி.

நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சிறுநீரகச் சேதம் பெரும்பாலும் நிரந்தரமானதல்ல. நேரத்துக்குச் சேலைனும் மருந்தும், தேவையானால் சில தடவை குருதிச் சுத்திகரிப்பும் கிடைத்தால், நுண்குழாய்க் கலங்கள் திரும்ப வளர்கின்றன.

சுவாசப்பைதான் மிகவும் பயப்பட வேண்டிய இடம். காற்றறைகளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கினால் வறட்டு இருமல், சளியில் இரத்தக் கோடு, பிறகு மூச்சு முட்டல், எல்லாம் சில மணித்தியாலங்களில் நடந்து முடியலாம். மஞ்சள் இல்லாமலும் இது வரும். இந்த நிலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் அளவில் இறந்ததாகவும் சில ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல்காரர் ஒருவர் இருமலில் இரத்தம் கண்டால், படுக்க முடியாமல் எழும்பி இருந்து மூச்சு எடுத்தால், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான், மாந்தை கிழக்குப் பக்கத்து உட்கிராமங்களில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மருத்துவ நூல்கள் நோயை இரண்டு கட்டமாகப் பிரிக்கும். முதல் 4 முதல் 7 நாள் வரை கிருமி குருதியில் ஓடும் கட்டம். அதன் பிறகு உடம்பு பிறபொருளெதிரிகளை (கிருமியைப் பிடிக்கும் புரதங்களை) செய்து, கிருமி குருதியில் இருந்து மறையும் கட்டம். இடையில் ஒரு நாளோ இரண்டு நாளோ காய்ச்சல் விட்டுப்போகலாம். அதை நம்பி எழும்பித் திரிகிறவர்கள் பிறகு மூளையுறை அழற்சியோடும் இதயத் துடிப்புக் குழப்பத்தோடும் திரும்பி வருவார்கள். கடும் நோயில் இந்த இடைவெளியே இருக்காது, ஒரே ஓட்டமாகப் போகும்.

சோதனைகளைப் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. பிறபொருளெதிரியைத் தேடும் துரிதச் சோதனை முதல் ஐந்தாறு நாளில் "இல்லை" என்று காட்டுவது வழமை, ஏனென்றால் உடம்பு இன்னும் அதைச் செய்யவே தொடங்கவில்லை. அந்தத் தாளைக் காட்டி "எலிக்காய்ச்சல் இல்லையாம்" என்று வீட்டுக்குப் போகக் கூடாது. முதல் கிழமையில் கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பொருந்தும். உறுதிப்படுத்தும் சோதனைக்கு இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை குருதி எடுத்து, பிறபொருளெதிரியின் அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அது செய்யப்படுகிறது. மருந்து தொடங்க அந்த முடிவைக் காத்திருப்பதில்லை. அன்றைக்கே கையில் கிடைப்பது எஃப்.பி.சி. தாள், அதாவது குருதிக் கலங்களை எண்ணும் சோதனையின் முடிவு. டெங்கில் வெண்குழியமும் தட்டும் இரண்டும் குறையும். எலிக்காய்ச்சலில் தட்டுக் குறைய, வெண்குழியம் பெரும்பாலும் கூடும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் நன்றாக ஏறியிருக்கும், சலத்தில் புரதம் இருக்கும். தட்டுக் குறைந்ததை மட்டும் பார்த்து டெங்கு என்று முடிவுகட்டுவதுதான் மார்கழி மாதத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒன்றாக வருவதும் உண்டு.

பாமசியில் போய் "நோவுக்கு ஒரு குளுசை" என்று கேட்டு டைக்குளோபினாக், இபுபுறூபன் வாங்கிப் போடுவதை இந்த மாதங்களில் முற்றாக விட்டுவிடுங்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைக்கும், தட்டின் வேலையைக் கெடுக்கும், இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும். கிருமி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற மூன்று வேலைக்கும் நாமே ஆள் சேர்த்துவிடுவதாக முடியும். டெங்கு என்றாலும் இதே ஆபத்துத்தான். பரசிற்றமோல் மட்டும், வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளுசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்த ஆட்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு.

சிகிச்சை உண்மையில் எளிய, மலிவான மருந்துகள்தான். இலேசான நோய்க்கு டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, ஒரு கிழமை அளவில். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அமொக்சிசிலின் போன்ற வேறு மருந்து. கடும் நோய்க்கு நாளத்தால் (ஊசியாகக் குருதிக்குழாய்க்குள்) பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன். முதல் ஊசி போட்ட சில மணித்தியாலத்தில் சிலருக்கு நடுக்கம் எடுத்து, காய்ச்சல் இன்னும் ஏறி, அமுக்கம் இறங்கும். "ஊசி ஒத்துக்கொள்ளேல்லை" என்று உறவினர் பயந்துபோவார்கள். கிருமிகள் கூட்டமாக உடைந்து அவற்றின் பகுதிகள் குருதியில் கலப்பதால் வருவது அது. வாட்டில் வைத்துக் கவனித்தால் கடந்து போகும், மருந்தை நிறுத்தக் கூடாது.

வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம், முற்காப்புக் குளுசை இலவசமாகக் கொடுக்கிறார்கள். டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், அதாவது 100 இல் இரண்டு, கிழமைக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு. சேற்று வேலை தொடங்க முன்னரே ஆரம்பித்து, வேலை முடியும்வரை எடுக்க வேண்டும். இதன் பலனை முதலில் திடமாகக் காட்டியது 1984 இல் வெளியான ஓர் ஆய்வு. பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படையினரில், மருந்து எடுத்த பாதிப் பேரில் ஒருவருக்கும், மருந்தில்லாத வெறும் குளுசை எடுத்த மறுபாதியில் 20 பேருக்கும் நோய் வந்தது. நோய் எப்போதும் மலிந்திருக்கும் அந்தமான் தீவில் பிறகு செய்த ஆய்வில் பலன் இவ்வளவு கூர்மையாக இல்லை. கிருமி தொற்றுவதை மருந்து தடுக்கவில்லை, ஆனால் நோயாக வெளிப்பட்டது பாதிக்குப் பாதி குறைந்தது. ஆகவே குளுசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலை யோசிக்கத்தான் வேண்டும்.

கிழமைக்கு ஒன்று போதுமா என்று பலர் கேட்கிறார்கள். மருந்து ஏழு நாளும் உடம்பில் நிற்பதில்லை, இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் கிருமி மெதுவாகப் பெருகும் சாதி. ஒரு கிழமைக்குள் உள்ளே வந்தவை நோயாக எழும்ப முன்னர் அடுத்த குளுசை அவற்றைப் பிடிக்கிறது. அதனால்தான் "போன கிழமை மறந்துபோனன், இந்தக் கிழமை நாலாப் போடுறன்" என்ற கணக்கு உதவாது. ஒரு நாளைக் குறித்துவையுங்கள், ஞாயிறு என்றால் ஒவ்வொரு ஞாயிறும். இந்தக் குளுசையை நிறையத் தண்ணியோடு, இருந்தோ நின்றோ விழுங்க வேண்டும். போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்சுக்குள் எரியும், பிறகு ஆள் அந்தக் குளுசையையே தொடமாட்டார். பால், வயிற்றெரிவு மருந்து, இரும்புச்சத்துக் குளுசை ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளி எடுங்கள். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வைத்தியரைக் கேளாமல் எடுக்கக் கூடாது.

பூட்ஸ் போடுங்கள் என்று சுவரொட்டியில் எழுதுவது இலேசு. முழங்கால் சேற்றில் றப்பர் பூட்ஸ் இறங்கினால் திரும்பி வராது என்பது வயலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். வரம்பு செருக்கல், வாய்க்கால் துப்புரவு, மாட்டுப்பட்டி கழுவுதல் போன்றவற்றுக்கு அது சரி. ஆழச் சேற்றுக்கு, உள்ள கீறல்களைத் தண்ணி புகாத பிளாஸ்டரால் மூடி, வேலை முடிந்ததும் கிணற்றுத் தண்ணியிலும் சவர்க்காரத்திலும் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. சேற்றுப்புண்ணுக்கு மருந்து பூசி ஆற்றிவிட்டு இறங்குவது எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது என் எண்ணம். முகம் கழுவ வீட்டில் இருந்து ஒரு கான் தண்ணி கொண்டுபோங்கள். வரம்பை உயரத்திலும் அகலத்திலும் ஒரு அடிக்குக் கூடாமல் வைத்தால் எலி அதில் வளை போட்டுக் குட்டி போடுவது குறையும். புல்லையும் செருக்கிவிட்டால் வெயில் பட்டு மண் காயும்.

வெள்ளம் ஏறிய கிணறுகள் தனிக் கதை. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை கிணறுகள் மூழ்கின என்பது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய கிணற்றை இறைத்து, குளோரின் இட்ட பிறகுதான் குளிக்கவும் வாய் கொப்பளிக்கவும் வேண்டும். எவ்வளவு தூள் என்பது தூளின் வலுவைப் பொறுத்தது, பி.எச்.ஐ. சொல்லுவார். அவருக்குத் தேவையான கணக்கை நீங்களே எடுத்துவைக்கலாம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணியின் ஆழத்தால் பெருக்கி (எல்லாம் மீற்றரில்), வருவதை 785 ஆல் பெருக்கினால் லீற்றர். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணியும் என்றால் ஏறக்குறைய 14,000 லீற்றர்.

இதே சேற்றில் இன்னொரு கிருமியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா. இலங்கையில் 1927 இலேயே பதிவான நோய். இது எலியில் இருந்து வருவதல்ல, மண்ணிலேயே வாழ்வது. எலிக்காய்ச்சல் கிருமி கலங்களின் இடைவெளியால் ஓடித் திரிய, இது நம்மைக் காக்கும் வெண்குழியத்துக்குள்ளேயே புகுந்து, அது சமிக்க முன்னர் பையைக் கிழித்து வெளியேறி, அடுத்த கலத்துக்குள் நேராகத் துளைத்துப் போகும். சுவாசப்பை, ஈரல், மண்ணீரல், மூட்டு என்று சீழ்க்கட்டிகள் வைக்கும். சில வேளை பல வருடம் உள்ளே அடங்கிக் கிடந்து எழும்பும். காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களை இது குறிவைத்துப் பிடிக்கிறது, நோயாளிகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான். எலிக்காய்ச்சலுக்குக் கேட்கும் பென்சிலின் இதற்குக் கேட்காது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் நாளத்தால் ஏற்றி, பிறகு கோட்றிமொக்சசோல் குளுசை மூன்று மாதமாவது எடுக்க வேண்டும். இடையில் விட்டால் திரும்ப வரும். ஆகவே சலரோகம் உள்ள கமக்காரர் ஒருவர் எலிக்காய்ச்சல் மருந்துக்கும் இறங்காத காய்ச்சலோடு கிடந்தால், குருதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று வீட்டார் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) வைத்தியருக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு நிமிசத்தில், "ஐயா, காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், "பத்து நாளைக்கு முதல் களை எடுக்க வயலுக்குள்ள நிண்டனான், காய்ச்சல் இண்டைக்கு மூண்டாம் நாள், கெண்டைக்கால் நோகுது" என்று சொல்லுங்கள். தொழில், தண்ணி, நாள் மூன்றும் அதில் இருக்கின்றன. குளத்தில் மீன் பிடிப்பவர், மாடு வளர்ப்பவர், வெள்ளத்தில் வீடு துப்புரவாக்கியவர் என்றால் அதைச் சொல்லுங்கள்.

சுகமாகி வந்தவர்கள் வைத்தியர் சொன்ன நாளில் கிறியற்றினின் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். சிலருக்குக் களைப்பும் சதை நோவும் மாதக்கணக்கில் இழுக்கும். கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, பார்வை மங்கினால் அது வேறு வருத்தம் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் விட்டுப் பல மாதம் கழித்தும் கண்ணின் உட்பகுதியில் அழற்சி வரலாம், கண் கிளினிக்கில் எலிக்காய்ச்சல் வந்ததைச் சொல்ல வேண்டும். ஒருக்கால் வந்தால் பிறகு வராது என்பதும் சரியல்ல. இந்தக் கிருமியில் 250 க்கு மேற்பட்ட வகைகள் உண்டு, ஒரு வகைக்கு உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு மற்ற வகைகளைப் பெரும்பாலும் தடுக்காது. போன வருடம் வாட்டில் கிடந்தவரும் இந்தக் காலபோகத்துக்குப் பி.எச்.ஐ.யிடம் பெயர் பதிந்து குளுசை எடுக்க வேண்டும்.